கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் யூசிக்கு மாற முடியுமா?

உங்கள் மகன் இந்த ஜூன் மாதம் ஃப்ரீமாண்டில் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு விண்ணப்பித்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், அதாவது யூசி வளாகங்கள், ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே இடம் வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம். ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 80,000 டாலர். ஓலோனி, டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜ்களில் ஒன்றில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாறினால் யூசியின் பெர்க்கிலி வளாகத்துக்குப் போக முடியுமா, இல்லை இது மனத்தைத் தேற்றுவதற்காகச் சொல்கிற பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து மாமனார் தொலைபேசியில் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். குடும்பம் எச்-1பி வேலை விசாவில், மகன் அதைச் சார்ந்த எச்-4 விசாவில் என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் நீங்கள் நினைப்பதைவிட முக்கியமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முடியும். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் 17 ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் டேவிஸுக்கும் சான் டியேகோவுக்கும் பெர்க்கிலிக்கும் போகிறார்கள். போக முடியாமல் நின்றுபோகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டு கூட்டத்துக்கும் அறிவில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போகிறவர்கள் முதல் வகுப்பில் பெயர் பதியும் முன்பே, எந்த வளாகம், எந்த மேஜர் (பட்டத்தின் முதன்மைத் துறை), அதற்கு எந்தெந்தப் பாடங்கள் என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள். மற்றவர்கள் "முதலில் சேருவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வருகிறார்கள். மாறுவது என்பது இரண்டாம் ஆண்டு முடிவில் செய்கிற வேலை இல்லை. உங்கள் மகனுக்கு அது இந்த மாதமே தொடங்குகிறது.

மாமனார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கம்யூனிட்டி காலேஜ் என்றால் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற இடம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இந்தக் கல்லூரிகள் அப்படிப் பிறக்கவில்லை. 1910-இல் ஃபிரெஸ்னோவில் முதல் கல்லூரி தொடங்கியபோதே நோக்கம், பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை ஊருக்கு அருகிலேயே தருவதுதான். 1960-இல் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய மாநில உயர்கல்வித் திட்டம் இதைக் கணக்குப் போட்டே எழுதியது: பள்ளி முடிப்பவர்களில் மேல்தட்டில் இருக்கும் எட்டில் ஒரு பங்கினர் யூசிக்கு, மூன்றில் ஒரு பங்கினர் மாநிலத்தின் இன்னொரு அமைப்பான கால் ஸ்டேட் பல்கலைக்கழகங்களுக்கு, மற்ற எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜின் கதவு திறந்திருக்கும், அங்கே நன்றாகப் படித்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் இடம் ஒதுக்கப்படும். பல்கலைக்கழகங்கள் மேல் வகுப்புகளில் கூடுதல் மாணவர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று விகிதமே வகுத்தார்கள். இன்றும் புதிதாகச் சேரும் இரண்டு முதலாண்டு மாணவர்களுக்கு, வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் ஒரு மாற்று மாணவர் என்பதுதான் யூசியின் இலக்கு. அப்படி வருபவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறார்கள். கடைசியில் கையில் வாங்கும் பட்டத்தில் பெர்க்கிலி என்று மட்டும்தான் அச்சிட்டிருக்கும். மாமனாரிடம் "இரண்டு ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அங்கே" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை.

ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் ஒரு கணக்கை நான் திருத்தியாக வேண்டும். முதலாண்டுக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் பெர்க்கிலியோ, யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏயோ பத்துப் பேரையொட்டித்தான் எடுக்கின்றன, மாற்று மாணவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேரை எடுக்கின்றன என்பது சரி. அது எல்லா மேஜர்களும் சேர்ந்த சராசரி. வரலாறு, சமூகவியல் போன்றவை அந்த எண்ணை மேலே இழுக்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸை, அதாவது சிஎஸ்ஸை, மட்டும் தனியே எடுத்தால் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும்; அங்கே இடம் பெறுகிறவர்களின் ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 4.0-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே "இரண்டு ஆண்டில் பெர்க்கிலி சிஎஸ்" என்ற ஒற்றை இலக்கோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். கணிதம், புள்ளியியல், தரவு அறிவியல், கணினிப் பொறியியல் ஆகியவற்றையும், ஐந்தாறு வளாகங்களையும் சேர்த்துப் பட்டியல் போடுங்கள். இவற்றுக்கான அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒன்றுக்குப் படித்தால் மற்றவற்றுக்கும் பாதிக்கு மேல் தயாராகிவிடுவான். ஒன்று மட்டும் கவனம்: வேறு மேஜரில் நுழைந்து பிறகு உள்ளே சிஎஸ்ஸுக்குத் தாவலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பல வளாகங்களில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள்; மாற்று மாணவர்களுக்கு அது இன்னும் இறுக்கம்.

இனி வேலைக்கு வருவோம். அசிஸ்ட் என்று மாநிலம் நடத்தும் ஓர் இணையதளம் இருக்கிறது. இந்த இரண்டு ஆண்டும் உங்கள் வீட்டில் திறந்தே இருக்க வேண்டிய பக்கம் அது. ஆண்டு, கம்யூனிட்டி காலேஜ், போக விரும்பும் பல்கலைக்கழகம் என்று மூன்றைத் தேர்ந்தெடுத்து, மேஜரைச் சொடுக்கினால் இரண்டு பத்திகளாக ஒரு பட்டியல் விரியும். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம்; வலப்பக்கம் அதற்கு ஈடாக ஏற்றுக்கொள்ளப்படும் உங்கள் கல்லூரிப் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களை "அண்டு" என்ற சொல்லால் சேர்த்திருந்தால் இரண்டையும் முடித்தால்தான் இடப்பக்கத்து ஒரு பாடத்துக்கு ஈடாகும். "ஆர்" என்றிருந்தால் ஏதாவது ஒன்று போதும். "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்" என்றிருந்தால் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடமே இல்லை. பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். இரண்டாம் ஆண்டின் அக்டோபர் மாதம். விண்ணப்பம் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மிக ஒழுங்கான பெண். பாடங்களையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, முடித்தவற்றுக்கு மஞ்சள் மை பூசிக் கொண்டுவந்திருந்தாள். கால்குலஸ் என்ற வரிக்கும் மஞ்சள் பூசியிருந்தது. கீழே பாட எண்ணைப் பார்த்தேன். அது வணிக மாணவர்களுக்கான ஒரு பருவக் கால்குலஸ். அவளுடைய மேஜருக்கு வேண்டியது அறிவியல், பொறியியல் மாணவர்கள் எடுக்கும் தொடர் கால்குலஸ். வணிகக் கால்குலஸை யூசி ஒரு கணிதப் பாடமாக ஏற்கும், பட்டக் கணக்கில் சேரும் அளவான யூனிட்டும் தரும். அந்த மேஜருக்கு மட்டும் அது செல்லாது. அந்தத் தொடரை முதலிலிருந்து தொடங்கினால் அடுத்த மே மாதத்துக்குள் முடியாது. பாடத்தில் அவள் வாங்கியிருந்தது ஏ. முதல் பருவத்தில் அவளிடம் "கால்குலஸ் எடுத்தால் போதும்" என்று சொன்னவர், எந்தக் கால்குலஸ் என்று கேட்கவே இல்லை. அசிஸ்ட் பக்கத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவள் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்துப் பிறகு போனாள்; இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த ஓர் ஆண்டு அவளுக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை.

ஆகவே "மாற்றத்தக்க பாடம்" என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். மாற்றத்தக்கது என்றால் பல்கலைக்கழகம் அதற்கு யூனிட் தரும் என்பது மட்டும்தான் பொருள். அது மேஜரின் எந்த வரியை நிரப்புகிறது என்பது தனிக் கேள்வி. யூனிட் குவிந்தும் மேஜர் பாடங்கள் காலியாக இருக்கும் விண்ணப்பம், கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் பார்வையிலேயே ஒதுக்கப்படும்.

உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் வேண்டியவை இவை: தொடர் கால்குலஸ் முழுவதும், லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், டிஸ்கிரீட் கணிதம், புரோகிராமிங் தொடரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வரை, பல இடங்களில் கால்குலஸை அடிப்படையாகக் கொண்ட இயற்பியல். இவை ஒன்றன் தோளில் ஒன்று நிற்பவை. முதல் கால்குலஸ் முடியாமல் இயற்பியலில் நுழைய முடியாது. அதனால்தான் முதல் பருவத்தில் கணிதத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கு இரண்டு ஆண்டு ஒருபோதும் போதுவதில்லை. 2017-இல் வந்த ஏபி 705 என்ற மாநிலச் சட்டத்துக்குப் பிறகு, முன்பு போல் ஒன்றிரண்டு ஆண்டு ஆயத்த வகுப்பில் உட்கார வைப்பது பெரும்பாலும் போய்விட்டது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே நேராகக் கல்லூரிக் கணிதத்தில் போடுவார்கள். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி கால்குலஸில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால், அதை ஒவ்வொரு வளாகமும் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை யூனிட் கிடைக்காது.

ஓலோனியா, டி ஆன்சாவா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓலோனி உங்கள் ஊரிலேயே இருக்கிறது, செமஸ்டர் முறை. குப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா குவார்ட்டர் முறை. 12 வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். குவார்ட்டரில் ஆண்டுக்கு மூன்று பருவம் கிடைப்பதால் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பாடங்களை வேகமாக முடிக்கலாம். ஆனால் நான்காம் வாரத்திலேயே தேர்வு வந்து நிற்கும்; ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் மீள்வது கடினம். இரண்டிலிருந்தும் பிள்ளைகள் நல்ல இடங்களுக்குப் போகிறார்கள். நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: தொடர் பாடத்தை ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும். டி ஆன்சாவில் கால்குலஸ் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு துண்டு. இரண்டை அங்கே முடித்துவிட்டு மிச்சத்தை ஒரு செமஸ்டர் கல்லூரியில் எடுத்தால், இரண்டு பாடத்திட்டங்களுக்கும் நடுவில் சில அத்தியாயங்கள் விழுந்துபோகும். பல்கலைக்கழகம் அதைப் பார்த்துவிட்டுத் தொடர் முழுமையாகவில்லை என்று சொல்லலாம்.

நாட்காட்டியை யாரும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. எல்லாரும் இரண்டு ஆண்டு என்கிறார்கள். யூசிக்கு விண்ணப்பம் அக்டோபர் 1-இல் ஏற்கத் தொடங்கி நவம்பர் இறுதியில் முடிகிறது. இந்த ஆகஸ்டில் சேர்ந்து இரண்டு ஆண்டில் மாற வேண்டுமென்றால் அடுத்த ஆண்டு நவம்பரில் விண்ணப்பம் போயாக வேண்டும். அன்றைக்கு அவன் கையில் முழுதாக இருப்பது முதல் ஆண்டு மதிப்பெண்ணும் ஒரு கோடை வகுப்பும்தான். அப்போது நடந்துகொண்டிருக்கும் பருவத்தின் மதிப்பெண்ணை ஜனவரியில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்தப் படிவத்தை நிரப்பாமல் விட்டுப் பின்தங்கியவர்கள் உண்டு. ஏப்ரல் முடிவுக்குள் பதில் வந்துவிடும். ஜூன் 1-க்குள் ஒரு வளாகத்தை ஏற்பதாகச் சொல்ல வேண்டும். கடைசி வசந்தப் பருவத்தில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் மதிப்பெண்ணை விட்டுவிட்டால், கொடுத்த இடத்தையே திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு, பெறவும் செய்கிறார்கள். ஆகவே முதல் பருவத்தின் ஒரு சி கிரேடு, பள்ளியில் நடுவே வந்த ஒரு சி போன்றதில்லை. தராசில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பாடங்கள்தான். ஒன்று சரிந்தாலும் முள் நகரும். கட்டுரைக் கேள்விகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்கு மேல் இடமில்லை. அவற்றில் கட்டாயமான ஒன்று, இந்த மேஜருக்கு நீ எப்படித் தயாரானாய் என்பது. சாட் தேர்வு தேவையில்லை. யூசி அதைப் பார்ப்பதே இல்லை.

குறைந்தபட்சத் தகுதி என்பது 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட். அதற்குள் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, கலை, சமூகம், அறிவியல் பக்கங்களிலிருந்து நான்கு. இவற்றோடு பொதுக் கல்விக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறது. முன்பு இரண்டு தனித்தனித் தொகுப்புகளாக இருந்ததை யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் ஒன்றாக்கி 2025 இலையுதிர் பருவம் முதல் கால்-கெட்சி என்று வைத்திருக்கிறார்கள். சிஎஸ், பொறியியல் மாணவர்கள் இதை முழுதாக முடிப்பதில் முதல் ஆண்டைச் செலவிட வேண்டாம். மேஜர் பாடங்களை முன்னால் வைத்து, பொதுக் கல்வியை இடையிடையே நிரப்ப வேண்டும். பல பொறியியல் கல்லூரிகள் இதையே சொல்கின்றன. அதே 2025 முதல் அடிப்படைப் பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண் வந்துகொண்டிருக்கிறது. முதல் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் எந்தக் கல்லூரியிலும் இனி சி1000. பெற்றோருக்கு இது பெரிய நிம்மதி.

டேக் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டேவிஸ், எர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் எழுத்துமூலம் தரும் இட உறுதி அது. சொன்ன பாடங்களைச் சொன்ன ஜிபிஏயோடு முடித்தால் இடம் உறுதி. செப்டம்பர் மாதம் முழுவதும் அதற்கான விண்ணப்பம் திறந்திருக்கும். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். பெர்க்கிலி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் டேக் கிடையாது. தருகிற வளாகங்களிலும் சிஎஸ் போன்ற மேஜர்களை விலக்கி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வெளியாகும். அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். டேக் வாங்கிவிட்டுப் பெர்க்கிலிக்கும் தாராளமாக விண்ணப்பிக்கலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. குடையோடு வெளியே போவது போல அது ஒரு தைரியம்.

கால் ஸ்டேட்டை நம்மவர்கள் பேச்சிலேயே எடுப்பதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. சான் ஹோசே ஸ்டேட் உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவு. சுற்றியிருக்கும் தொழில்நுட்ப நிறுவனங்களில் அதன் மாணவர்கள் நிறைந்திருக்கிறார்கள். 2010-இல் வந்த சட்டத்தின்படி மாற்றத்துக்கென்றே வகுத்த இரண்டாண்டுப் பட்டம் ஒன்றைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி. அதே துறையில் தொடர்ந்தால் மிச்சம் 60 யூனிட்டில் பட்டத்தை முடித்துவிடலாம். எந்த வளாகம் என்ற உறுதி மட்டும் அதில் இல்லை. சான் ஹோசேயில் சிஎஸ் நெரிசலான மேஜர். அதற்கும் நல்ல ஜிபிஏ வேண்டும். விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

மறைக்கக் கூடாத ஒன்று. பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் ஒன்றிரண்டு பாடம் எடுத்திருந்தால் அந்த மதிப்பெண்ணும் மாற்று மாணவர்களுக்கு யூசி போடும் ஜிபிஏயில் சேரும். பதினாறு வயதில் கோடை விடுமுறையில் எடுத்து, பாதியில் விட்டு, எஃப் விழுந்த பாடம் இருக்கிறதா என்று மகனிடம் அமைதியாகக் கேளுங்கள். இருந்தால் அதைச் சரிசெய்ய வழி உண்டு. சி-க்கும் கீழே விழுந்த பாடத்தைத் திரும்பப் படிக்கலாம். படித்த எல்லாக் கல்லூரிகளையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். ஒன்றை எழுதாமல் விட்டுப் பிறகு வெளிப்பட்டால் கிடைத்த இடமே போகும். ஒரு பாடம் சரிந்துகொண்டிருந்தால் கடைசித் தேதிக்குள் விலகி, விலகியதற்கான டபிள்யூ குறி வாங்குவது எஃப் வாங்குவதைவிட நல்லது. ஒரு டபிள்யூவால் யாரும் கெட்டுப்போவதில்லை. நான்கைந்து இருந்தால் விளக்கம் கேட்பார்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. கலிஃபோர்னியாவில் எச்-4 விசாவில் இருப்பவர், ஓர் ஆண்டுக்கு மேல் இங்கே குடியிருந்து, இங்கேயே நிலைக்கும் எண்ணத்தைக் காட்டினால், கல்விக் கட்டணத்துக்கு மாநிலவாசியாகக் கணக்கிடப்படலாம். அப்படியானால் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். இதே நிலையில் யூசியில் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 15,000 டாலர். மாநிலவாசி இல்லையென்று முடிவானால் யூசியில் அதன்மேல் 35,000 டாலருக்கும் அதிகமாகக் கட்ட வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் உங்களை மாநிலவாசியாக ஏற்றது என்பதற்காக யூசியும் ஏற்றுவிடாது. அவர்கள் தாங்களாகவே மறுபடி ஆராய்வார்கள். வரி ஆவணம், வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இதைவிடப் பெரியது வயது. மகனுக்கு இப்போது 18. இரண்டு ஆண்டு இங்கே முடித்து 20 வயதில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவான். மூன்றாம் ஆண்டின் நடுவிலோ முடிவிலோ 21 ஆகும். அன்றோடு அவன் உங்களைச் சார்ந்த பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டான், எச்-4 முடிந்துவிடும். உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு வயதைக் குறைத்துக் கணக்கிடும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இல்லாதவர்கள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியாக வேண்டும். அப்படி மாறும்போது கட்டணத் தகுதியும் மாறக்கூடும். பெர்க்கிலியில் இடம் கிடைத்து, ஓராண்டு படித்த பிறகு, கட்டணம் மும்மடங்காகிறது என்று அறிகிற குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும், போக நினைக்கும் வளாகங்களின் வசிப்பிடத் தகுதி அலுவலகத்தையும் இந்த ஆண்டே கேட்டுவிடுங்கள். என்னுடைய சொல்லையோ நண்பர்களின் சொல்லையோ வைத்து இதில் முடிவெடுக்க வேண்டாம். எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காது. பகுதிநேர வேலையும் செய்ய முடியாது. அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, மனம் வலிக்கும் எண். அமெரிக்கா முழுவதும் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் பட்டம் வாங்க வேண்டும் என்றுதான் வருகிறார்கள். மூன்றில் ஒருவரைப் போலத்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுகிறவர்கள் நூற்றுக்கு 16 பேரையொட்டித்தான். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வேலை, குழந்தை, வாடகை என்று பாதியில் நின்றவர்கள்தான் அவர்களில் மிகுதி. உங்கள் மகனுக்கு அந்தச் சுமைகள் இல்லை. ஆனாலும் இந்தக் கல்லூரிகளில் பிள்ளையைப் பின்னாலிருந்து தள்ள யாரும் இல்லை. விடுதி இல்லை, நண்பர் கூட்டம் தானாக அமையாது, வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வாகன நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார்கள். அவனுடைய பள்ளித் தோழர்கள் விடுதி அறைப் படங்களை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். முதல் இலையுதிர் பருவத்தில் பிள்ளைகள் சோர்வது பாடத்தால் அல்ல, இதனால்தான். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைப் பார்க்கிறேன். சாப்பாட்டு மேசையில் ஒப்பிட்டுப் பேசாமல் இருந்தாலே பெரிய உதவி.

அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: ஆசிரியரின் அலுவல் நேரத்துக்குப் போக வேண்டும். இங்கே வகுப்பில் முப்பது நாற்பது பேர்தான். பெரிய பல்கலைக்கழகத்தின் முதலாண்டு அரங்கில் முந்நூறு பேர் உட்கார்ந்து கேட்கும் பாடத்தை இங்கே பேராசிரியரே பெயர் சொல்லி அழைத்து நடத்துவார். என் அறை வாரத்துக்கு ஐந்து மணிநேரம் திறந்திருக்கிறது. பல நாள் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற ஓரிருவர் பருவ முடிவில் வேறு மாணவர்களாக ஆகியிருப்பார்கள்.

பெயர்ப்பதிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நேரம் குறைவு. அறிமுக வகுப்பு, பாடநிலை நிர்ணயம், ஆலோசகரோடு உட்கார்ந்து போடும் கல்வித் திட்டம் மூன்றையும் முடித்தவர்களுக்குத்தான் முன்கூட்டிப் பதியும் வாய்ப்பு. முடிக்காதவர்களுக்குக் கடைசி நாட்கள். அதற்குள் இயற்பியலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் நிரம்பிவிடும். நிரம்பினாலும் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்கு நேரில் போக வேண்டும். என் கால்குலஸ் வகுப்பில் முதல் நாள் காலை சுவரோரம் எட்டுப் பத்துப் பேர் நிற்பார்கள். நான் பெயர் கூப்பிடுவேன். பதிவு செய்துவிட்டு வராமல் போனவர்களை எடுத்துவிட்டு, நிற்பவர்களுக்குப் பட்டியல் வரிசைப்படி சேர்க்கை எண் கொடுப்பேன். பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தும் அன்று வந்து நின்றவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டாவதாக இருந்தவர், இணையத்தில் பார்த்து "இடமில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஓலோனியில் வகுப்புகள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிவிடும், டி ஆன்சாவில் செப்டம்பர் இறுதியில். இந்த வாரமே இரண்டிலும் விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அன்று மாலையே அவனையும் உட்கார வைத்து, அசிஸ்டில் பெர்க்கிலி, டேவிஸ், எர்வைன், சான் டியேகோ, சான் ஹோசே ஸ்டேட் ஐந்தையும் திறந்து, எல்லாப் பட்டியலிலும் திரும்பத் திரும்ப வரும் பாடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு ஆலோசகரைப் பார்க்கட்டும். பொது ஆலோசகரைவிட, மாற்றத்துக்கென்றே இருக்கும் மையத்தின் ஆலோசகரிடம் நேரம் வாங்குவது நல்லது. அவர் என்ன சொன்னாலும் பாட எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அசிஸ்டில் ஒருமுறை சரிபார்க்கட்டும். எழுதிய தாளை எனக்கு அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.